கால் இல்லாத விமானம்: எக்ஸ்-13-ஐ அட்டையில் செய்து கம்பியில் தொங்கவிடுவது எப்படி

பினாங்கு மாநிலத்தில் பாகான் டாலாமில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு மாதமும் தீபாவளிக்கு முன்னால் இரண்டு மாதமும் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. மற்ற நாட்களில் சாயங்காலம் வெட்டு மேசையைத் துடைத்துவிட்டு அட்டையில் விமானம் செய்வேன். இதுவரை பதினொன்று செய்திருக்கிறேன். எல்லாம் ஒரே இனம். ஓடுதளம் இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே மேலே கிளம்புவதற்காகச் செய்து பார்த்து, பறந்தும் காட்டி, கடைசியில் எந்தப் படையிலும் சேராமல் போன சின்ன விமானங்கள்.

அப்பா பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளத்தில் ஸ்டோரில் வேலை பார்த்தார். அப்போது அது ஆஸ்திரேலியர்கள் கையில் இருந்தது. 1988-ல்தான் மலேசியாவிடம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன எழுபதுகளில் அங்கே மிராஜ் போர் விமானங்கள் இருந்தன. அது தலைக்கு மேல் போனால் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கும்வரை சாக்கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படி ஒரு நாளில்தான் அப்பா யாரோ தூக்கிப்போட்ட பழைய பத்திரிகை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நடுப்பக்கத்தில் ஒரு படம். லோரியின் பின்பலகை செங்குத்தாக நிமிர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் குறுக்கே ஒரு கம்பி. அந்தக் கம்பியில், பழம் தின்னும் வௌவால் மரத்தில் தொங்குகிற மாதிரி, ஒரு விமானம் தொங்குகிறது. வௌவால் தலைகீழாகத் தொங்கும். இது மூக்கு மேலே, வால் கீழே. சக்கரம் இல்லை, கால் இல்லை. அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஓரமெல்லாம் பழுத்துப்போய்.

அதன் பெயர் ரயன் எக்ஸ்-13 வெர்ட்டிஜெட், அமெரிக்காவின் ரயன் நிறுவனம் செய்தது. அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் மறக்காதீர்கள்: விமானத்துக்கு முன்னால் லோரியைச் செய்யுங்கள். இந்த விமானம் தன்னால் நிற்காது. அதற்கு நிலம் என்பதே அந்தக் கம்பிதான். விமானத்தை மட்டும் அழகாகச் செய்து ஷோகேசில் படுக்கப் போட்டால் அது வேறு ஏதோ ஒரு சின்ன ஜெட்டாகத்தான் தெரியும்.

எதற்கு இந்த விமானம்

கட்ட ஆரம்பிக்கும் முன் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பாகத்தை நுணுக்கமாகச் செய்ய வேண்டும், எதை லேசாக விடலாம் என்று அப்போதுதான் புரியும்.

1950-களில் பல நாட்டு ராணுவங்களுக்கும் ஒரே கவலை. எதிரி ஓடுதளத்தில் குண்டு போட்டுவிட்டால் அத்தனை விமானமும் தரையில் முடங்கிவிடும். அதற்கு மருந்தாகச் செங்குத்தாகக் கிளம்பும் விமானத்தைத் தேடினார்கள். அமெரிக்கக் கடற்படைக்காகக் கான்வேர் நிறுவனம் எக்ஸ்.எஃப்.ஒய்-1 என்ற விமானத்தைச் செய்தது. எல்லாரும் அதைப் போகோ என்றே அழைத்தார்கள். வாலில் சின்னச் சக்கரங்களோடு நிமிர்ந்து நிற்கும். மூக்கில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். 1954 நவம்பர் 2-ம் தேதி ஸ்கீட்ஸ் கோல்மன் என்ற விமானி அதை நேரே மேலே கிளப்பி, படுக்கவைத்துப் பறந்து, மறுபடி நிமிர்த்தி இறக்கிக் காட்டினார். கிளம்புவது சிரமமில்லை. இறங்கும்போது விமானி முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். ஓடுகிற மோட்டார் சைக்கிளில் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பதை நினைத்துப் பாருங்கள், அதுவும் உயரத்தில். பிரான்சில் ஸ்னெக்மா நிறுவனம் செய்த கோலியோப்டேருக்கு வளையம் போல ஒரு இறக்கை. அது 1959 ஜூலை 25-ம் தேதி விழுந்து நொறுங்கியது. விமானி மோரெல் குதித்துத் தப்பினார், ஆனால் பலத்த காயம். நான் பார்த்து வளர்ந்த மிராஜுக்கே செங்குத்தாகக் கிளம்பும் ஒரு தம்பி இருந்திருக்கிறது, மிராஜ் 3வி என்று. முதன்மை இன்ஜினோடு மேலே தூக்குவதற்கென்றே தனியாக எட்டு இன்ஜின்கள். இரண்டே இரண்டு செய்தார்கள். அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஐம்பது வயது. அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே போன் போட்டிருப்பேன்.

இந்தக் கூட்டத்தில் எக்ஸ்-13 தனி. நிற்பதற்கான காலையே எடுத்துவிட்டு அந்த எடையை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். ரோல்ஸ்-ராய்ஸ் ஏவன் ஜெட் இன்ஜின் சுமார் 10,000 பவுண்டு விசை கொடுத்தது. விமானத்தின் எடையோ 7,200 பவுண்டு சுற்றுவட்டாரம். எடையைவிட விசை அதிகம். அதனால் இறக்கையின் உதவியே இல்லாமல் புகைபோக்கி மேல் நிற்பது போல அந்தரத்தில் நிற்க முடிந்தது. படிப்படியாகத்தான் வந்தார்கள். 1955 டிசம்பர் 10-ம் தேதி முதல் பறப்பு, சாதாரணச் சக்கரங்களோடு. 1956-ல் வாலில் ஒரு தற்காலிகச் சட்டத்தை மாட்டி அந்தரத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். 1957 ஏப்ரல் 11-ம் தேதி எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் பீட்டர் ஜிரார்ட் என்ற விமானி கம்பியிலிருந்து கிளம்பி, படுத்துப் பறந்து, திரும்பி வந்து அதே கம்பியில் மாட்டினார். அந்த ஜூலை இறுதியில் வாஷிங்டனுக்கே கொண்டுபோய், பொடோமாக் ஆற்றைக் கடந்து ராணுவத் தலைமையகமான பென்டகனில் இறக்கிக் காட்டினார்கள். சொன்னதையெல்லாம் செய்து காட்டியது. ஆனால் விமானப்படைக்கு அதை வைத்து நடத்த வேண்டிய வேலை எதுவும் இருக்கவில்லை, அதனால் திட்டம் நின்றது. செய்தது இரண்டு, இரண்டுமே நொறுங்காமல் இன்றைக்கும் இருக்கின்றன, ஒன்று ஓஹாயோவில் டேட்டன் நகர அருங்காட்சியகத்தில், இன்னொன்று சான் டியேகோவில்.

முதல்முறை செய்பவர்களுக்கு எக்ஸ்-13-ஐத்தான் சொல்வேன். போகோவுக்கு ஆறு விசிறி இலைகளை ஒரே மாதிரி செதுக்க வேண்டும், கோலியோப்டேருக்கு வளையம் கோணாமல் வர வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

அளவு

உண்மை விமானம் இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு 6.40 மீட்டர். நீளம் 7.14 மீட்டர். 1/32 அளவில் செய்தால் இறக்கை சரியாக 20 செ.மீ., நீளம் 22.3 செ.மீ. கணக்கும் சுலபம், கைக்கும் அடக்கம்.

மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து என்று மூன்று பார்வையும் உள்ள வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோகாப்பி கடையில் பெரிதாக்கச் சொல்லும்போது "கொஞ்சம் பெரிசா" என்று சொல்லாதீர்கள், கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். வரைபடத்தில் இறக்கை 8 செ.மீ. என்றால் 20-ஐ 8-ஆல் வகுத்து 250 சதவீதம். வந்த தாளில் இறக்கையையும் அளந்து பாருங்கள், நீளத்தையும் அளந்து பாருங்கள். சில மெஷின்கள் ஒரு பக்கம் இழுத்துவிடும். ரவிக்கையில் கால் இஞ்சு தப்பினால் பிரித்துத் தைக்கலாம், அட்டையில் அந்த வசதி கிடையாது.

மணிலா அட்டை நான்கு தாள் போதும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சுவரில் ஒட்ட வாங்குகிற அதே அட்டைதான். அப்புறம் சாத்தே குச்சி, மூங்கில் சாப்ஸ்டிக் இரண்டு ஜோடி, வெள்ளைப் பசை, ஒரு குட்டி சூப்பர் குளூ, 400 நம்பர் உப்புத்தாள், கிட்டாரின் மிக மெல்லிய ஸ்டீல் தந்தி ஒன்று, இரண்டு திருகு வளையம், ஒரு சின்னப் பித்தளைக் கீல், திரைச்சீலை ஓரத்தில் வைத்துத் தைக்கிற ஈயக்குண்டு கொஞ்சம், ஒரு பெரிய ரவிக்கைக் கொக்கி. வீட்டில் டைல்ஸ் போட்டபோது மிஞ்சிய துண்டு ஒன்று இருந்தால் எடுத்து வையுங்கள்.

முதலில் லோரி

டைல்ஸ் துண்டுதான் அடித்தளம். கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விமானத்தை மாட்டியதும் எல்லாம் சேர்ந்து முன்னால் கவிழும். அதன் மேல் அட்டையில் ட்ரெய்லரின் உடம்பைச் செய்து ஒட்டுங்கள். சக்கரங்களுக்கு ஒரே அளவுப் பொத்தான்கள் கிடைத்தால் கறுப்பு அடித்து வைத்துவிடலாம், நான் அப்படித்தான் வைத்தேன்.

நிமிரும் பலகைக்கு நான் வைக்கும் அளவு 26-க்கு 8 செ.மீ. மணிலா அட்டையை நான்கு அடுக்காக ஒட்டுங்கள். இங்கே ஒரு தையல் பாடம். துணிக்கு நேர் இழை, குறுக்கு இழை இருப்பது போலத் தாளுக்கும் நார் ஓடும் திசை உண்டு. அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளைந்தால் நார் வளைவுக்குக் குறுக்கே, மடிப்புக் கோட்டோடு ஓடுகிறது என்று அர்த்தம். பலகைக்கு ஒரு அடுக்கு நேராக, அடுத்தது குறுக்காக என்று மாற்றி மாற்றி ஒட்டினால் நம்ம ஊர் ஈரத்தில் கோணாது. பசையை அள்ளிப் பூசாதீர்கள். பழைய ஏ.டி.எம். கார்டால் மெல்லிசாக இழுத்துவிட்டு, ஒரு ராத்திரி முழுக்கக் கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள்.

பலகையின் அடிப்பக்கம் பித்தளைக் கீல். மேலே இரண்டு ஓரத்திலும் மூங்கில் சாப்ஸ்டிக்கில் 3 செ.மீ. நீளக் கைகள், பலகையிலிருந்து வெளியே நீட்டியபடி. இந்த இரண்டு கைகளின் நுனிக்கு நடுவில்தான் கம்பி ஓடும். சாப்ஸ்டிக்கில் திருகு வளையத்தை நேரடியாகத் திருகினால் மூங்கில் பிளந்துவிடும். ஒரு தடித்த ஊசியை மெழுகுவத்தியில் காய்ச்சி முதலில் துளை போட்டுக்கொள்ளுங்கள். கம்பியை ஒரு வளையத்தில் கட்டி, மறு வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்தைத் திருகத் திருகக் கம்பி விறைக்கும். வீணையில் பிரடையைத் திருகுவது போல. இரண்டு கைகளும் உள்பக்கம் இழுபடாமல் இருக்க, கம்பிக்குப் பின்னால் ஒரு சாத்தே குச்சியைக் குறுக்கே முட்டுக் கொடுங்கள்.

நூல் வைக்கலாமா என்று கேட்பீர்கள். முதல் மாடலில் நான் வெள்ளை நூல்தான் கட்டினேன், கையில் இருந்தது அதுதானே. அது அக்டோபர் மாதம். பினாங்கில் அக்டோபர் எப்படி என்று உங்களுக்கே தெரியும், நான்கு நாள் விடாத மழை. நூல் ஈரத்தில் தளர்ந்து, ராத்திரி கொக்கி நழுவி, விமானம் மூக்குக் குத்த சிமெண்ட் தரையில் விழுந்தது. காலையில் கடையைத் திறந்தபோது மூக்கு உள்வாங்கிப்போய்க் கிடந்தது. மூன்று வார வேலை. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசப் பிடிக்கவில்லை. நைலானும் நாளாவட்டத்தில் நீளும். ஸ்டீல் தந்தியை மாற்றாதீர்கள்.

இன்னும் ஒரு பாகம் இருக்கிறது, பலர் விட்டுவிடுவது. பலகையின் உச்சியிலிருந்து கிடையாக வெளியே நீட்டிக்கொண்டு, அளவுக் கோடு போட்ட சுமார் 20 அடிக் கம்பு ஒன்று கீலில் இருந்தது. விமானி நிமிர்ந்த நிலையில் கம்பியை நெருங்கும்போது விமானத்தின் வயிறு லோரியைப் பார்த்திருக்கும். கொக்கி மூக்கின் அடியில். கடைசி நேரத்தில் கொக்கியும் தெரியாது, கம்பியும் தெரியாது, மூக்கே மறைத்துவிடும். பக்கத்தில் நீட்டியிருக்கும் அந்தக் கம்பில் கோடுகளைப் பார்த்துத்தான் இன்னும் எத்தனை அடி என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம்ம அளவில் அது 19 செ.மீ. தென்னை ஈர்க்குச்சி இதற்கென்றே பிறந்தது போல இருக்கும்: இலேசு, நேராக இருக்கும், நுனி மெலிந்திருக்கும். நன்றாகக் காய்ந்த ஈர்க்காகப் பார்த்து எடுத்து, 9.5 மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக மையில் போடுங்கள், அது ஒரு அடி. குண்டூசியும் ஒரு பாசிமணியும் வைத்துக் கீல் செய்துவிடலாம்.

உடல்: கை வெட்டத் தெரிந்தால் போதும்

விமானத்தின் உடல் ஒரு குழாய்தானே என்று அட்டையைச் சுருட்டி ஒட்டப் பார்ப்பார்கள். வராது. நடுவில் பருத்து, வால் பக்கம் ஒடுங்கி, மூக்கில் குவிகிற உடம்பு அது. ஆனால் ரவிக்கைக் கை வெட்டியவர்களுக்கு இது புதுசு இல்லை. மேல்கையில் 12 இஞ்சு, முழங்கையில் 9 இஞ்சு என்று ஒடுங்குகிற கையைத் தட்டையான துணியில் எப்படி வெட்டுகிறோம்? இரண்டு ஓரமும் சரிவாக, மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் லேசாக வளைந்து. அதே வெட்டுத்தான் இங்கேயும்.

பக்கவாட்டு வரைபடத்தில் மூக்கிலிருந்து வால்வரை 3 செ.மீ.-க்கு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் உடலின் உயரத்தையும், மேல்பார்வையில் அதே இடத்தின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். அந்த அளவில் வட்டமோ முட்டை வடிவமோ வெட்டி, நடுவில் துளை போட்டு, ஒரு சாத்தே குச்சியில் மீன் முள் மாதிரி கோத்துவிடுங்கள். இதுதான் எலும்புக்கூடு. இது காய்வதற்கு முன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வால் பக்கத்திலிருந்து குச்சி வழியாகப் பாருங்கள். எல்லா வட்டமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கடைசிவரை கோணல்தான்.

அப்புறம் தோல். ஒவ்வொரு இடைவெளிக்கும் தனித்தனித் துண்டு. மெல்லிய தாளை இரண்டு வட்டங்களுக்கு மேல் சுற்றி, விளிம்பில் பென்சிலால் தேய்த்தால் வடிவம் தானாகவே தாளில் விழும். அளவெடுக்க வெட்கப்படுகிற பெண்களுக்குப் பழைய ரவிக்கையை வைத்து வடிவம் எடுப்போமே, அந்த மாதிரி. அதை அட்டையில் வரைந்து, ஒரு பக்கம் மட்டும் 4 மில்லிமீட்டர் ஒட்டுவதற்கு விட்டு வெட்டுங்கள். நார் விமானத்தின் நீளத்தோடு ஓட வேண்டும், அப்போதுதான் உருட்டினால் மடங்காமல் வளையும். ஒட்டுவதற்கு முன் கத்தரியின் முதுகில் இழுத்து வளைவை உண்டாக்கிக்கொள்ளுங்கள். நேரான அட்டையைப் பசையின் பலத்தில் மட்டும் வளைத்து நிறுத்த நினைத்தால் இரண்டு நாளில் வாயைத் திறந்துகொள்ளும். ஒட்டு விழும் இடத்தை வயிற்றுப் பக்கம் வையுங்கள், லோரியைப் பார்த்த பக்கம். கண்ணில் படாது.

மூக்குதான் கடினம். இரண்டு பக்கமும் வளைகிற வடிவம், ஒரே துண்டில் வராது. இதற்கு டார்ட். மார்புக்குக் குவிவு கொடுக்க துணியில் முக்கோணமாகப் பிடித்துத் தைக்கிறோமே, அதேபோல அட்டையில் எட்டு மெல்லிய முக்கோணங்களை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்புகளை ஒன்றோடு ஒன்று சேர்த்தால் மூக்கு குவிந்து வரும். முக்கோணத்தின் ஓரத்தை நேர்கோடாக வெட்டினால் கூம்பாகத்தான் நிற்கும். மிஞ்சுகிற இதழ் லேசாகப் புடைத்திருக்கும்படி, அந்த ஓரத்தை முக்கோணத்தின் உள்பக்கம் வளைத்து வெட்டினால் உருண்டு வரும். இந்த ஒரு வித்தையை என் அண்ணன் மகனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. அவன் வெட்டிய ஐந்தாவது மூக்கு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. "அத்தை, இது மாம்பழத் தோலைக் கீறின மாதிரிதானே?" என்றான். ஆமாம், அதேதான்.

உள்ளே தோலை மூடுவதற்கு முன் வால் பக்கக் கடைசி அறையில் ஈயக்குண்டு இரண்டு மூன்றைப் பசையோடு வைத்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வாலில் இன்ஜின் வாய்க்கு ஒரு பேனா மூடியை வெட்டிச் செருகலாம். உண்மை விமானத்தில் அந்த வாய் அசையும். அந்தரத்தில் நிற்கும்போது அதைத் திருப்பித்தான் முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்தார்கள். தன்னைத்தானே சுற்றாமல் இருக்க இறக்கை நுனிகளிலிருந்து காற்றைப் பீச்சினார்கள். எனவே பேனா மூடியை ஒட்டாமல் கொஞ்சம் லூசாக விட்டால் அசைத்துக் காட்டலாம்.

இறக்கை, வால் துடுப்பு எல்லாம் சுலபம். முக்கோண இறக்கையை இடது, வலது என்று தனித்தனியாகச் செய்யாதீர்கள். ஒரே துண்டாக வெட்டி உடலின் மேல்பக்கத்தில் உட்கார வையுங்கள். மூன்று அடுக்கு அட்டை, முன் விளிம்பை உப்புத்தாளால் உருட்டி, பின் விளிம்பைத் தேய்த்துச் சன்னமாக்குங்கள். நுனி இரண்டிலும் சின்னச் செங்குத்துத் தட்டு உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடிக்கு மினரல் வாட்டர் பாட்டிலின் தோள்பட்டை வளைவில் பொருத்தமான இடம் கிடைக்கும். முதலில் தாளில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு அப்புறம் பிளாஸ்டிக்கில் வெட்டுங்கள். உள்ளே இருக்கை வைக்கிற பொறுமை இருந்தால், அதை முன்பக்கம் சாய்த்து வையுங்கள். விமானம் நிமிர்ந்ததும் விமானி மல்லாந்து வானத்தைப் பார்த்துக் கிடக்கக் கூடாது என்று உண்மையிலேயே இருக்கையைச் சாய்கிற மாதிரி செய்திருந்தார்கள்.

கொக்கி

ரவிக்கைக் கொக்கியில் பெரிய அளவு ஒன்று எடுங்கள். அதைத் துணியில் தைக்க இரண்டு காது இருக்கும். மூக்கின் அடிப்பக்கம், நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளி, நடுக்கோட்டில் அந்தக் காது இரண்டும் நுழைகிற மாதிரி ஊசியால் இரண்டு துளை போட்டு, சட்டை நூலால் நாலு சுற்றுத் தைத்துவிட்டு அதற்கு மேல் ஒரு சொட்டு சூப்பர் குளூ. வெறும் பசையை நம்பாதீர்கள். முழு எடையும் இந்த ஓரிடத்தில் தொங்கப்போகிறது. தைத்தால் அசையாது. இதற்காகவே மூக்கின் கடைசித் துண்டை ஒட்டாமல் வைத்திருந்து, கொக்கியைத் தைத்த பிறகு மூட வேண்டும். கொக்கியின் வாய் வால் பக்கம் திறந்திருக்க வேண்டும். திருப்பித் தைத்துவிட்டால் கம்பியில் மாட்டவே முடியாது.

இப்போது ஈயக்குண்டு. கொக்கி வயிற்றுப் பக்கம் இருக்கிறது, எடையின் மையமோ உடலின் நடுவில். எந்தப் பொருளைத் தொங்கவிட்டாலும் அதன் எடை மையம் தொங்கும் புள்ளிக்கு நேர் கீழே வந்து நிற்கும். அதனால் விமானம் தானாகவே லோரிப் பலகைப் பக்கம் சாய்ந்து, வயிறு பலகையில் ஒட்டி நிற்கும். இது நல்லது, காற்றடித்தாலும் ஊஞ்சல் ஆடாது. வால் கனமாக இருந்தால் இன்னும் அமைதியாக நிற்கும். வயிற்றின் கீழ்ப்பகுதியில் தலை உருண்ட குண்டூசி இரண்டைக் கால் அங்குலம் வெளியே நீட்டிச் செருகிவிட்டால் பலகையில் உரசிச் சாயம் போகாது.

சாயம்

அட்டைக்கு நேரடியாக ஸ்ப்ரே அடித்தால் ஈரப் பஞ்சு மாதிரி உறிஞ்சி ஊதிக்கொள்ளும். முதலில் மெல்லிய வார்னிஷ் இரண்டு கோட்டு, ஒவ்வொன்றுக்கும் பின் உப்புத்தாள். அப்புறம் வெள்ளி நிற ஸ்ப்ரே, ஒரு முழம் தள்ளி நின்று, மெல்லிசாக மூன்று நான்கு தரம். முகமூடி கட்டிக்கொண்டு வெளியில் வைத்து அடியுங்கள்.

நேரம் முக்கியம். மழை வரப்போகிற புழுக்கமான சாயங்காலத்தில் அடித்தால் சாயத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. காற்றிலுள்ள ஈரம் காய்கிற சாயத்தில் மாட்டிக்கொள்வதால் வருவது அது. நான் தைப்பூசம் முடிந்த கையோடு சாய வேலையை வைத்துக்கொள்வேன். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே வெயில் நன்றாக இருக்கும், கடையிலும் கூட்டம் குறைந்திருக்கும். காலை பத்து மணிக்கு மேல் பன்னிரண்டுக்குள். அடித்த பாகத்தைப் பழைய பிஸ்கட் டின்னில் அரிசி போட்டு, அரிசியில் படாமல் தொங்கவிட்டு மூடி வைத்தால் இன்னும் பாதுகாப்பு.

மாட்டிப் பார்ப்பது

எல்லாம் முடிந்ததும் இதைச் செய்து பாருங்கள். லோரியை மேசை நுனியில் வைத்து, பலகையை நிமிர்த்தி, ஈர்க்குக் கம்பை வெளியே நீட்டுங்கள். விமானத்தை வால் பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், மூக்கு மேலே, வயிறு லோரியைப் பார்த்து. இப்போது உங்கள் கண்ணை விமானியின் கண்ணாடிக்குப் பின்னால் கொண்டுவந்து, அங்கிருந்து மட்டும் பாருங்கள். பக்கவாட்டில் எட்டிப் பார்க்கக் கூடாது. மெதுவாக நெருங்குங்கள். ஒரு சாண் தூரம்வரை கம்பி தெரியும். அப்புறம் மூக்கு மறைத்துவிடும். அங்கிருந்து ஈர்க்கின் கோடுகள்தான் துணை. கொக்கி கம்பியைத் தாண்டி மேலே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, நெருங்கி, கையைத் தளர்த்தி இறக்க வேண்டும். சீக்கிரம் இறக்கினால் கொக்கி கம்பிக்கு வெளியே விழும், தாமதித்தால் மூக்கு பலகையில் முட்டும்.

எனக்கு ஒன்பதாவது முயற்சியில் மாட்டியது. ஜிரார்ட் இதைக் காது கிழிகிற இன்ஜின் சத்தத்தில், நெருப்பைக் கக்கும் ஜெட்டின் மேல் உட்கார்ந்து, விசையைத் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டே செய்தார். அதை நினைத்தபோது என் கை நடுங்கியது உண்மை.

அண்ணன் மகன் அதைப் பள்ளிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, பார்க்க வந்த ஒருவர் "சக்கரம் ஒட்ட மறந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அவன் ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் விமானத்தைக் கொடுத்து, "நீங்களே நிறுத்திப் பாருங்க சார்" என்று ஈர்க்குக் கம்பை நீட்டிவிட்டிருக்கிறான். அவர் அரைமணி நேரம் அங்கேயே நின்றாராம். சக்கரம் வேண்டும் என்பவர்கள் தாராளமாக 1955-ன் முதல் பறப்புத் தோற்றத்தைச் செய்யலாம், அப்போது சக்கரம் இருந்தது; லோரி மட்டும் தேவைப்படாது.

எங்கே வைப்பது? ஜன்னல் ஓரம் வேண்டாம், சாரல் அடிக்கும். சமையலறைப் பக்கமும் வேண்டாம், எண்ணெய்ப் புகை வெள்ளி நிறத்தை மஞ்சளாக்கும். என்னுடையது தைத்து முடித்த ரவிக்கைகள் தொங்குகிற கம்பிக்குக் கீழே, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. விமானம் தொங்குகிற கம்பியை மட்டும் மாதம் ஒரு தரம் விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். "டிங்" என்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் விமானத்தை இறக்கி வைத்துவிட்டு, திருகு வளையத்தை அரைச் சுற்றுத் திருகுங்கள்.